கொசுவலைத் துணியில் தைத்த பழப்பை: இரண்டு விளைச்சல் பார்த்த பிறகு

எங்கள் வீடு உடுமலைப்பேட்டையில். ஊரைச் சுற்றி எங்கே போனாலும் மல்பெரித் தோட்டம்தான், ஆனால் அதெல்லாம் பட்டுப்புழுவுக்கு இலை பறிக்க வளர்ப்பது. பழத்துக்கென்று என்னிடம் இருப்பது மொட்டை மாடியில் இரண்டே செடி. இரண்டும் குச்சி நட்டு வந்தவை, 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் செம்மண்ணும் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து வைத்தது. ஒன்று விரல் நீளத்துக்குக் காய்க்கிற நீள ரகம், இன்னொன்று குட்டை ரகம், கறுத்துப் போகும்.

பொங்கல் கழிந்ததும் கிளைகளை வெட்டிக் கவாத்து பண்ணி, மிச்ச இலையையும் உருவிவிடுவேன். இரண்டு வாரத்துக்குள் துளிர் வெடிக்கும்போதே பிஞ்சும் கூடவே எட்டிப் பார்க்கும், பச்சைக் கம்பளிப்பூச்சி மாதிரி. காய்க்க வைப்பதில் கஷ்டமே இல்லை. காய்த்ததை நாம் சாப்பிடுவதுதான் கஷ்டம். மாசிக் கடைசியில் பழம் சிவக்க ஆரம்பித்தால் கொண்டைக்குருவிகளுக்கு எப்படித்தான் தெரியுமோ, விடிவதற்குள் வந்துவிடும். என் பொண்ணு பள்ளிக்கூடம் கிளம்புமுன் மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் வெறும் காம்புதான் இருக்கும்.

அதனால் போன வருஷம் பறவை வலை ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். 10 அடிக்கு 10 அடி, 350 ரூபாய். மெல்லிய பச்சை நைலான் நூல், கட்டைவிரல் தாராளமாக நுழைகிற கண். செடியின்மேல் போர்த்திவிட்டேன். மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு மாடி ஏறினால், வலையில் ஒரு கொண்டைக்குருவி தலைகீழாகத் தொங்குகிறது. ஈரத் துண்டைப் போர்த்தி உள்ளங்கையில் பிடித்தேன். நெஞ்சு அடிக்கிற வேகம் கைக்குத் தெரிந்தது. நூல் இறக்கை இடுக்கில் போய், காலில் இரண்டு சுற்று சுற்றி, தோலுக்குள் பதிந்திருந்தது. நகம் வெட்டுகிற குட்டிக் கத்தரியால் ஒவ்வொரு இழையாக வெட்ட இருபது நிமிஷம் ஆச்சு. கையை விரித்ததும் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்து, பிறகு பக்கத்து வீட்டுத் தென்னைக்குப் பறந்தது. அன்றைக்கே அந்த வலையைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன். அந்த மாதிரி வலையை யாரும் வாங்க வேண்டாம் என்றுதான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

மெல்போர்னில் இருக்கிற என் தங்கச்சியிடம் சொன்னபோது, அவர்கள் விக்டோரியா மாநிலத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது என்றாள். வீட்டுப் பழமரத்துக்குப் போடுகிற வலையை முழுசாக இழுத்துப் பிடித்தாலும் கண் 5 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. 2021 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. "அளவுகோல் எதுக்குக்கா? விரல் உள்ளே போச்சுன்னா அந்த வலை வேண்டாம், அவ்வளவுதான்" என்றாள்.

விரல் போகாத வலை என்றதும் எனக்குக் கொசுவலைதான் ஞாபகம் வந்தது. துணிக்கடையில் மீட்டர் 70 ரூபாய் என்று மூன்று மீட்டர் எடுத்தேன். தெருமுனைத் தையல்கார அக்கா ஒரு பைக்கு 15 ரூபாய் வாங்கிக்கொண்டு பன்னிரண்டு பை தைத்துக் கொடுத்தார். ஒன்றரை அடி நீளம், முக்கால் அடி அகலம், வாயில் பாவாடை நாடா. எல்லாம் சேர்த்து 390 ரூபாய். காய்த்த கிளையைப் பைக்குள் விட்டு நாடாவை இழுத்துக் கட்டினால் முடிந்தது. ஒரு குருவிகூட மாட்டவில்லை, கட்டின கிளையில் குருவிக்கு ஒரு பழம்கூடப் போகவில்லை.

நான் எதிர்பார்க்காத லாபம் பறிப்பில் கிடைத்தது. மல்பெரி ஒரே கிளையில் ஒன்றாகப் பழுக்காது. ஒன்று கறுத்திருக்கும், பக்கத்தில் இருப்பது இன்னும் சிவப்பாகப் புளிக்கும். சிவப்பில் பறித்துவிட்டால் வீட்டில் வைத்து இனிக்க வைக்க முடியாது. நன்றாகப் பழுத்தது தொட்டாலே கையோடு வந்துவிடும், இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் இரண்டு நாள் விட வேண்டும். பை கட்டியிருந்தால் கிளையை லேசாகத் தட்டினால் போதும், பழுத்தது மட்டும் பைக்குள் உதிரும். ஒரு நல்ல நாளில் எவர்சில்வர் டம்ளர் நிறையக் கிடைத்தது. தினமும் காலையில் எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் விட்டாலும் அடிப்பழம் நசுங்கி, சாறு ஒழுகி, சின்ன ஈ மொய்க்கும். கழுவுவதும் சாப்பிடுகிற நேரத்தில்தான். கழுவி வைத்தால் மத்தியானத்துக்குள் கூழாகிவிடும்.

குறை மூன்று பார்த்தேன். பெரிய குறை மாவுப்பூச்சி. முதலில் ஆர்வத்தில் பிஞ்சிலேயே பை கட்டிவிட்டேன். நான்கு பைக்குள் வெள்ளையாக அப்பிக்கொண்டது. பொறிவண்டு வந்து அதைத் தின்ன வழி இல்லாமல் நானே அடைத்து வைத்திருக்கிறேன் என்று அப்புறம்தான் உறைத்தது. மாவுப்பூச்சி என்றால் எங்கள் பக்கம் இன்றைக்கும் பயம். 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டு, மல்பெரியையும் அழித்தது. 2010இல் அதன் எதிரியான குட்டி ஒட்டுண்ணிக் குளவிகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது. ஆகவே இப்போது பிஞ்சில் கட்டுவதில்லை. முதல் பழம் சிவக்கிற வரை கிளை திறந்தே இருக்கும். கட்டுவதற்கு முன் இலையின் அடிப்பக்கம் பார்த்து, பூச்சி தெரிந்தால் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் அடித்து, இரண்டு நாள் விட்டுத்தான் பை.

அடுத்தது அணில். ஒரு பையைக் கடித்து ஓட்டை போட்டது. கொசுவலைக்கு அந்தப் பல்லைத் தாங்குகிற பலம் இல்லை. மூன்றாவது காற்று. வைகாசியில் மறுபடி கவாத்து செய்த விளைச்சல் ஆடியில் பழுத்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பையைப் பாய்மரம் போல ஊத, ஒரு கிளை காய்களோடு முறிந்தது. அதற்கப்புறம் பை கட்டுகிற ஒவ்வொரு கிளைக்கும் ஒரு மூங்கில் குச்சி முட்டுக் கொடுக்கிறேன்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். தையல்கார அக்காவிடம் இன்னும் பத்துப் பை சொல்லியிருக்கிறேன், இந்தத் தடவை ஒரு அடி அகலம், பழம் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க. உச்சிக் கிளை இரண்டுக்குப் பை கிடையாது. அது குருவிகளுக்கு.