பழைய ஜிண்டியில் சவுண்ட் டிகோடர்: 3 வருஷம் ஓட்டிய பிறகு

போன வாரம் என் மாடல் ரயில் இன்ஜினில் ஒரு கம்பி அறுந்தது. அதைப் பற்றவைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து நண்பன் கூப்பிட்டான். "உன்கிட்ட இருக்கிற மாதிரியே ஒரு ஜிண்டி எனக்கும் கிடைச்சிருக்குடா. சவுண்ட் டிகோடர் போடலாமா?" சால்டரிங் அயர்னும் கையுமாக, மூன்றாவது தடவையாக அதே கம்பியைப் பற்றவைக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? "போடாதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து மனசு கேட்கவில்லை. மூன்று வருஷ அனுபவத்தை ஒரு வார்த்தையில் சொன்னது நியாயமில்லை. அதனால் இது.

ஜிண்டி என்பது பிரிட்டனில் ஓடிய ஒரு சின்ன நீராவி இன்ஜின். என்னுடையது அதன் மாடல், ட்ரையாங் என்ற பொம்மை ரயில் கம்பெனி காலத்தது. ஓஓ என்கிற மாடல் அளவு, எக்ஸ்04 என்ற பழைய மோட்டார், பிளாஸ்டிக் உடல், உலோகச் சேசிஸ். தண்டவாளம் வழியாகவே இன்ஜினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்புகிற முறைதான் டிசிசி. அந்தக் கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டுகிற குட்டிச் சர்க்யூட் டிகோடர், கூடவே இன்ஜின் சத்தமும் போட்டால் சவுண்ட் டிகோடர். அதற்குள் நாம் மாற்றி வைக்கிற அமைப்பு எண்கள் சிவி. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் டிகோடரை இருபதே நிமிஷத்தில் எரித்தேன். தப்பு முழுக்க என்னுடையதுதான். எக்ஸ்04-இல் இரண்டு கார்பன் பிரஷ்களையும் அழுத்திப் பிடிப்பது ஒரே ஸ்பிரிங். அதன் ஒரு காலில் மட்டும் சின்ன இன்சுலேஷன் குழாய் மாட்டியிருக்கும். குழாய் இல்லாத கால் வழியாக அந்தப் பக்கத்து பிரஷ் சேசிஸோடு சேர்ந்திருக்கும். சேசிஸோ ஒரு பக்கத்துச் சக்கரங்கள் வழியாகத் தண்டவாளத்தோடு சேர்ந்திருக்கும். டிகோடர் இல்லாமல் வெறும் டிசி கரன்டில் ஓட்டிய நாளில் இது சிக்கனமான, அழகான ஏற்பாடு. டிகோடருக்கோ இதுதான் எமன். டிகோடரிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஆரஞ்சு, சாம்பல் கம்பிகள் இரண்டில் எதுவுமே தண்டவாளத்தோடு சேரக்கூடாது. ஒரு மெல்லிய ஒயரின் தோலை உரித்து, அந்தக் குழாயை ஸ்பிரிங்கின் இன்னொரு காலிலும் மாட்டினேன். ஒரு மில்லிமீட்டர் குட்டையாக வெட்டிவிட்டேன். நிறுத்தி வைத்துப் பார்த்தபோது மல்டிமீட்டர் சத்தமே போடவில்லை, எல்லாம் சரி என்று நினைத்தேன். ஓடும்போது பிரஷ் அதிர, ஸ்பிரிங் நழுவி உலோகத்தைத் தொட்டது. முதலில் வாசனை வந்தது. திறந்து பார்த்தால் டிகோடர் சிப்பின் மேல் கடுகளவு பழுப்புக் கொப்புளம். இப்போதெல்லாம் மீட்டரின் ஒரு முனையை பிரஷ்ஷிலும் இன்னொன்றைச் சேசிஸிலும் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே பார்க்கிறேன்.

இரண்டாவது டிகோடர் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. அதற்கு முன் செய்த இரண்டு வேலைகள்தான் காரணம் என்று நினைக்கிறேன். பழைய காந்தம் சோர்ந்து போயிருந்தது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் மோட்டார் 1.3 ஆம்பியர் இழுத்தது, நான் வாங்கிய டிகோடரின் தாங்கும் அளவு 1 ஆம்பியர். நியோடிமியம் காந்தத் துண்டு ஒன்றை மாற்றிப் போட்டதும் மோட்டார் குடிக்கிற கரன்ட் நன்றாக இறங்கிவிட்டது, சூடும் குறைந்தது. மொத்த வேலையிலும் மிகக் குறைந்த செலவு இதற்குத்தான், பலனோ இதில்தான் அதிகம். இன்னொன்று, ரேடியோ, டிவி இரைச்சலைத் தடுக்க அந்தக் காலத்தில் வைத்த கப்பாசிட்டரை வெட்டி எறிந்தது. அது இருந்தவரை இன்ஜின் விக்கல் எடுத்தபடியே ஓடியது.

விக்கல் நின்ற அன்று நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். சவுண்டுக்காகத்தான் இவ்வளவும் செய்தேன். என்னைக் கட்டிப்போட்டது சவுண்ட் இல்லை, அந்த ஊர்தல். டிசி-யில் இந்த மோட்டாருக்கு இரண்டே நிலைதான் தெரியும்: நிற்பது, பாய்வது. வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் அசையாமல் நின்றுவிட்டு, திடீரென்று துப்பாக்கிக் குண்டு மாதிரி கிளம்பும். டிகோடர் அப்படி விடுவதில்லை. கணத்துக்குக் கணம் மோட்டாருக்குக் கொடுப்பதை நிறுத்தி, சுற்றிக்கொண்டிருக்கிற மோட்டார் தானே உண்டாக்கும் வோல்டேஜை அளக்கிறது. வேகம் குறைந்திருந்தால் கூடுதலாகத் தள்ளுகிறது, ஏறியிருந்தால் அடக்குகிறது. 128 படி வேகத்தில் முதல் படியில் வைத்தேன். சக்கரங்களை இணைக்கிற தண்டு மெதுவாகக் கீழே இறங்கி, அடியில் ஒரு கணம் தயங்கி, மேலே ஏறியது. ஒரு ஸ்லீப்பரிலிருந்து அடுத்த ஸ்லீப்பருக்குப் போகிற நேரத்தில் ஒரு வாய் காபி குடிக்கலாம். அறுபது வருஷத்துக்கு முந்தைய மூன்று துருவ மோட்டார் இது! அன்று ராத்திரி ஒரு மணி வரை ஒரே ஒரு வேகனை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இனி சவுண்ட். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நிதானம் இருக்காது.

ஸ்பீக்கர் ஒரு சர்க்கரைக் கட்டி அளவுதான். முந்தைய சொந்தக்காரர் பாய்லருக்குள் திணித்திருந்த ஈயத்தில் பாதியை வெட்டி எடுத்து அங்கே வைத்தேன். பெட்டி இல்லாமல் வெறும் ஸ்பீக்கராக ஓட்டிப் பார்த்தபோது கொசு பாடியது. முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றையொன்று தின்றுவிடும். காற்றுப் புகாத பெட்டியில் வைத்து விளிம்பெல்லாம் வெள்ளைப் பசை பூசியதும் அதே ஸ்பீக்கர் இருமிக்கொண்டு எழுந்தது. இரண்டு சிலிண்டர் இன்ஜினுக்குச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நாலு 'சக்' வர வேண்டும். அதைப் பொருத்துகிற சிவி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. பொருந்திய பிறகு கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. ஆலை வைத்து அனுப்புகிற வால்யூமை மட்டும் பாதிக்கும் கீழே இறக்குங்கள். வீட்டில் இருப்பவர்களும் மனிதர்கள்தானே.

இப்போது வயிற்றெரிச்சல். ஆறே சக்கரம், ஒரு பக்கத்துக்கு மூன்று. தண்டவாளத்தில் ஒரு தூசு, தடம் பிரிகிற பாயின்டில் ஒரு பிளாஸ்டிக் இடைவெளி, போதும். கரன்ட் கண்ணிமைக்கும் நேரம் போய் வருகிறது. மோட்டார் அதைப் பொருட்படுத்துவதில்லை, லேசாகத் தலையாட்டிவிட்டுப் போய்விடும். சவுண்ட் அப்படியா? செத்துப் பிழைத்து, முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஓடிக்கொண்டிருக்கிற இன்ஜின் நடுவழியில் ஊமையாகி, நின்ற இடத்தில் அடுப்பு மூட்டுகிற மாதிரி 'புஸ்ஸ்' என்று ஊதி, பிறகு சாவகாசமாக 'சக்' சொல்லும். துடைத்த மறுநாளே இதுதான் கதி. டிகோடர் விற்ற கடைக்காரரிடம் கேட்டால் "தண்டவாளத்தைச் சுத்தமா வெச்சுக்கோங்க சார்" என்கிறார். மூன்று வருஷமாக நான் வேறு என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

மருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கரன்ட் போகிற கணத்தைத் தாங்கிப் பிடிக்கிற கப்பாசிட்டர் தொகுப்பு. ஜிண்டிக்குள் அதற்கு இடம் ஏது? மோட்டார் பின்பாதியை அடைத்துக்கொண்டது, டிகோடரும் ஸ்பீக்கரும் மீதியை. கடைசியில் ஒரு மூடிய சரக்கு வேகனுக்குள் கப்பாசிட்டர்களை வைத்து, இரண்டு மெல்லிய ஒயர்களால் இன்ஜினோடு கட்டினேன். அன்றிலிருந்து, ஒயர் நன்றாக இருக்கிறவரை, ஒரு தடவைகூடச் சவுண்ட் அறுந்ததில்லை.

ஆனால் ஜிண்டி எதற்குப் பிறந்தது? 1924 முதல் 1931 வரை 422 நிஜ ஜிண்டிகள் கட்டினார்கள். யார்டில் வேகன்களைப் பிரித்துச் சேர்ப்பதுதான், அதாவது ஷன்டிங்தான், அவற்றின் முக்கிய பிழைப்பு. என் ஜிண்டியோ ஒரு வேகனோடு நிரந்தரமாகத் தாலி கட்டிக்கொண்டு நிற்கிறது. அவ்வளவு அழகாக ஊர்கிற இன்ஜினை வைத்து ஷன்டிங் செய்ய முடியவில்லை. வேகனைக் கழற்றினால் சத்தம் சாகிறது, மாட்டினால் வேலை சாகிறது. அந்த ஒயர்கள் வளைவில் மடங்கி மடங்கி வருஷத்துக்கு ஒரு தடவை அறுகின்றன.

நண்பனுக்கு மறுபடி போன் போட்டேன். "மோட்டாருக்கு மட்டும் நல்ல டிகோடரா பார்த்துப் போடு. காந்தத்தை மாத்து. சவுண்டுதான் வேணும்னா பின்னாடி டென்டர், அதான் கரி-தண்ணி வண்டி, இருக்கிற இன்ஜின்ல போடு, டென்டருக்குள்ள எல்லாம் அடங்கும். ஜிண்டியில போடாதே." அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ உன்னுடையதைக் கழற்றிடப் போறியா?" என்றான்.

கழற்றவில்லை. அறுந்த ஒயரின் நடுவே ஒரு குட்டி இரண்டு பின் பிளக் வைத்திருக்கிறேன். ஷன்டிங் என்றால் பிளக்கை உருவிவிட்டுச் சத்தத்தை அணைத்துக்கொள்ளலாம், வண்டி ஓட்டும்போது மாட்டிக்கொள்ளலாம். நேற்று மூன்று சுற்று ஓட்டினேன். உள்வளைவில் பிளக் தானாகவே கழன்றுகொள்கிறது.