அயனியாக்க ஆற்றல் தேட நிஸ்ட் வெப்புக்: எண்ணோடு முறையையும் பாருங்கள்

ஒரு மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க எவ்வளவு ஆற்றல் (அதாவது அயனியாக்க ஆற்றல்) வேண்டும்? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் 1996 முதல் இணையத்தில் இலவசமாகத் தந்துவரும் தரவுத்தளமான கெமிஸ்ட்ரி வெப்புக்கைவிட நல்ல இடம் கிடையாது. பெயர், வாய்பாடு, சிஏஎஸ் எண் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள தனிப் பதிவு எண்), எதைக் கொடுத்தும் தேடலாம். தேடும்போதே வாயுநிலை அயனி ஆற்றலுக்கான கட்டத்தை டிக் செய்துவிட்டால், தேவையான பக்கம் நேராக வந்துவிடும்.

பென்சீனைத் தேடினால் உச்சியில் 9.24378 ± 0.00007 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) என்று நிபுணர்கள் மதிப்பிட்ட எண் நிற்கும். பலரும் இதைக் குறித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இந்தத் தளத்தின் உண்மையான செல்வம் அதற்குக் கீழே உள்ள அட்டவணைதான். ஒவ்வொரு அளவீட்டுக்கும் முறை, ஆதாரம், குறிப்பு என்று தனித்தனிப் பத்தி உண்டு.

முறைப் பத்தியில் 'ஈஐ' என்றிருந்தால் எலக்ட்ரான் மோதல். சூடான இழையிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களின் ஆற்றலே அரை எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குப் பரவியிருக்கும்; அயனி மின்னோட்டமும் தொடக்கத்தில் மெதுவாகத்தான் ஏறும். தொடக்கப் புள்ளி எது என்பது கணிப்பாகிவிடுவதால் பழைய ஈஐ எண்கள் பெரும்பாலும் சற்று உயரமாகவே இருக்கும். வேறு வழி இருந்தால் இவற்றைத் தொடாதீர்கள்.

'பிஈ' என்றால் ஒளி எலக்ட்ரான் நிறமாலை. ஹீலியம் விளக்கின் 21.22 எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து வெளிவரும் எலக்ட்ரானின் இயக்க ஆற்றலைக் கழித்தால் விடை. மாதிரி வாயு கருவியின் உட்பரப்பில் படிந்து அளவுகோலை நகர்த்திவிடும், அதனால்தான் அயனியாக்க ஆற்றல் ஏற்கெனவே நன்கு தெரிந்த ஆர்கான் (15.76), செனான் (12.13) போன்றவற்றை மாதிரியோடு கலந்தே ஓட்டி அளவைச் சரிபார்க்கிறார்கள். ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறுகள் நிறமாலையின் பட்டைக்கு (எண்ணிக்கை ஏறி இறங்கும் பகுதிக்கு) முன்னால் ஒரு சிறு மேட்டைக் காட்டும். அதைத் தொடக்கம் என்று எடுத்தால் விடை குறைந்துவிடும்.

குறிப்புப் பத்தியை விடவே கூடாது. அம்மோனியாவைப் பாருங்கள்: மதிப்பிட்ட எண் 10.07, கீழே 10.8-ஐத் தாண்டிய எண்களும் இருக்கும், பக்கத்தில் 'செங்குத்து மதிப்பு' என்ற குறிப்போடு. இரண்டும் சரி. அம்மோனியா பிரமிடு வடிவம், அதன் அயனியோ தட்டை. எலக்ட்ரான் வெளியேறும் வேகத்துக்கு அணுக்கள் நகர முடியாது. அதனால் பட்டையின் உச்சி (இதுதான் செங்குத்து மதிப்பு) தொடக்கத்தைவிட வெகுதூரம் தள்ளி விழுகிறது. வெப்பவேதியியல் கணக்குக்குத் தொடக்க மதிப்பும், ஆர்பிட்டல் (மூலக்கூறில் எலக்ட்ரான் இருக்கும் நிலை) ஆற்றலோடு ஒப்பிடச் செங்குத்து மதிப்பும் வேண்டும். மாற்றிப் போட்டால் முக்கால் எலக்ட்ரான் வோல்ட் பிழை, அதாவது மோலுக்கு எழுபது கிலோஜூலுக்கு மேல்.

குறையும் உண்டு. பல சேர்மங்களுக்கு மதிப்பிட்ட எண்ணே இல்லை. பதிவுகளில் பெரும்பகுதி 1970களிலும் 80களிலும் வந்த தொகுப்புகளிலிருந்து எடுத்தவை. அங்கே பிஈ முறைக்கு முன்னுரிமை கொடுத்து, இரண்டு ஆய்வுக்கூடங்களின் எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று நீங்களேதான் பார்க்க வேண்டும்.

அதிகம் பேர் கவனிக்காத வசதி, அயனியாக்க ஆற்றலை வைத்தே சேர்மங்களைத் தேடுவது. 10.6 எலக்ட்ரான் வோல்ட் விளக்குள்ள வாயுக் கண்டறியும் கருவி வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. விளக்கின் ஆற்றலைவிடக் குறைந்த அயனியாக்க ஆற்றல் கொண்டவை மட்டுமே அதில் சிக்கும்: பென்சீனும் அசிட்டோனும் (9.70) அதில் தெரியும், மெத்தனால் (10.84) தெரியாது.