லைனுக்கு மின்சார லோடு ஆட்டோ: எட்டு மாதம் ஓட்டிய கணக்கு

கீழக்கரையில் மளிகை மொத்தக் கடை வைத்திருக்கிறேன். ஏர்வாடி, பெரியபட்டினம், திருப்புல்லாணி என்று மூன்று லைனுக்கு, அதாவது கடை கடையாகப் போட்டு வரும் மூன்று வழிகளுக்கு, சரக்கு போகிறது. எட்டு மாதத்துக்கு முன் பழைய டீசல் வண்டியைக் கொடுத்துவிட்டு மின்சார லோடு ஆட்டோ எடுத்தேன். வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்பதால் எழுதுகிறேன்.

மூன்று லைனும் சுற்றி வர 60 கிலோமீட்டர் ஆகும். டீசல் வண்டி இரண்டரை லிட்டர் குடித்தது. 230 ரூபாய் பக்கம். இதற்கு 7 யூனிட் போதும். கடை இணைப்பில் யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் 70 ரூபாய்தான். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அப்படியென்றால் 25 யூனிட் எரித்துச் செய்த வேலையை இது 7 யூனிட்டில் முடிக்கிறது. கீழக்கரைச் சந்துகளில் கடைக்குக் கடை நின்று கிளம்பும்போது இது நன்றாகத் தெரியும். நிற்கும்போது மோட்டார் மின்சாரம் இழுப்பதில்லை. வேகம் குறைக்கும்போது கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்கே திரும்புகிறது. சத்தமும் இல்லை. "என்ன காக்கா, வண்டி வந்ததே தெரியல" என்றுதான் கடைக்காரர்கள் வெளியே வருகிறார்கள் (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்).

அனல் மின் நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் மின்சாரமாகிறது. ஆகவே அந்த 7 யூனிட்டை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட எனக்கு மனசில்லை. இரவில் சார்ஜ் போடுவதை விட்டுவிட்டேன். மதியம் வண்டி திரும்பியதும் அரை மணி நேரம் நிழலில் ஆறவிட்டுப் பிளக் சொருகுகிறோம். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் நன்றாக ஓடுகிற நேரம் அது.

குறை என்றால் முதலில் கச்சான் காற்று, மேற்கிலிருந்து வீசுவது. அது வீசும் மாதங்களில் ஏர்வாடிப் பக்கம் எதிர்க்காற்றில் சார்ஜ் மளமளவென்று இறங்கிவிடும். பிஸ்கட் பெட்டிகளைக் கூரைக்கு மேல் அடுக்கித் தார்ப்பாய் கட்டினால் இன்னும் மோசம். இப்போது உயரமாக அடுக்குவதே இல்லை. ஒரு முறை பாதி வழியில் நின்றுபோய், கயிறு கட்டி இழுத்து வந்தோம்.

அதற்குப் பிறகுதான் லைனையே மாற்றினேன். முன்பு நாலு பெட்டி ஆர்டருக்கும் அன்றைக்கே ஓடுவோம். இப்போது ஒரு நாளைக்கு ஒரு லைன்தான். முந்தின நாள் மாலைக்குள் ஆர்டர் வந்துவிட வேண்டும். சில கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள், ஒருவர் வேறு ஆளிடம் போய்விட்டார். ஆனால் வண்டி நிறைந்து போகிறது. திரும்பும்போது காலியாக வராமல் ஏர்வாடிப் பக்கத்திலிருந்து கருப்பட்டிச் சிப்பம் ஏற்றி வருகிறோம். தினமும் ஓடும் தூரம் 60லிருந்து 35 ஆகிவிட்டது. இதை டீசல் வண்டி இருந்தபோதே செய்திருக்கலாம்; எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் உப்புக் காற்று. ஐந்தாவது மாதம் சார்ஜிங் பின்னில் பச்சை பூத்துவிட்டது. மெக்கானிக் மதுரையிலிருந்து வர வேண்டும் என்றார்கள். ஒன்பது நாள் வண்டி சும்மா நின்றது, வாடகை வண்டியில் லைன் ஓட்டினேன். இப்போது டிரைவர் தம்பி தினமும் பின்னை உலர்ந்த துணியால் துடைத்து மூடி போட்டு வைக்கிறான்.

ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டருக்குள், 400 கிலோவுக்குள் சரக்கு ஓட்டுகிறவர்கள் தாராளமாக எடுக்கலாம். ராமேஸ்வரம் போய் அன்றே திரும்ப வேண்டியவர்களுக்கு இது தாங்காது. முன்பணம் கொடுக்கும் முன், ராமநாதபுரத்துக்குள் சர்வீஸ் ஆள் யார் என்று கேட்டு, அவரிடம் நேரில் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.