குறைந்த சத்தத்தில் நல்ல டோன் என்று சொல்லி ஆம்ப் ஸ்பீக்கரை மாற்றச் சொன்னால் கவனம்

வீட்டில் மெல்ல வாசிக்கிற கிட்டார்காரர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் போதும், சின்னச் சத்தத்திலேயே டோன் பிரமாதமாக வரும்" என்று சொல்லி ஒரு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ரிப்பேர்காரர் என்னை ஏமாற்றிவிட்டார். பணம் போனதைவிட, ஆம்போடு வந்த ஒரிஜினல் ஸ்பீக்கர் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

என்னுடையது 15 வாட் வால்வ் காம்போ (வால்வில் ஓடும் ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்), 12 இன்ச் ஸ்பீக்கர். வால்யூமைக் கொஞ்சம் திருப்பினாலே பக்கத்து அறை அதிரும். குறைத்தால் ஒல்லியாக, உயிரே இல்லாமல் ஒலிக்கும். 25 வாட் ஸ்பீக்கர் போட்டால் சத்தம் தானாகக் குறையும், பிரேக்கப்பும் (ஒலி லேசாகக் கரகரவென்று உடைவது) சீக்கிரம் வரும் என்று அடித்துச் சொன்னார்.

இது சுத்தப் பொய். ஸ்பீக்கரில் போட்டிருக்கும் வாட், அது எவ்வளவு பவரைத் தாங்கும் என்பதற்கான கணக்கு. சத்தத்தைத் தீர்மானிப்பது சென்சிட்டிவிட்டி: 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பது. செலஸ்டியன் கம்பெனியின் கிரீன்பேக் ஸ்பீக்கர் 25 வாட், 98 டெசிபல். அதே கம்பெனியின் ஆல்னிகோ புளூ வெறும் 15 வாட், ஆனால் 100 டெசிபல். வாட் குறைந்தது, சத்தம் கூடியிருக்கிறது! 3 டெசிபல் குறைந்தால் ஆம்பின் பவரைப் பாதியாக்கியதற்குச் சமம். காதுக்குப் பாதிச் சத்தம் என்று தோன்றவே சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும். பிரேக்கப் கதையும் அப்படித்தான். வீட்டுச் சத்தத்தில் ஆம்ப் 1 வாட்கூடத் தராது, அதற்கு 25 வாட் ஸ்பீக்கரின் கோன் (அதிரும் காகிதக் கூம்பு) அசைந்து கொடுக்காது. மெல்ல வாசிக்கும்போது ஒல்லியாகக் கேட்பதற்குப் பெரும் காரணம் நம் காதுதான். சத்தம் குறையக் குறைய பேஸ் நமக்கு அதிகமாகக் குறைந்து கேட்கும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள்.

சரி, மாற்றியதும் சத்தம் கொஞ்சம் குறையத்தான் செய்தது. அதையே வாசித்துக் காட்டி, "பார்த்தீர்களா?" என்றார். எனக்குச் சந்தேகம் தீரவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். லேபிளில் 8 ஓம் (மின்தடையின் அளவு), மீட்டரில் 13-ஐ ஒட்டி. 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6, 7 என்றுதான் காட்டும். 13 என்றால் அது 16 ஓம். கோனின் விளிம்பிலும் நடுமூடியைச் சுற்றியும் புதுப்பசை வழிந்திருந்தது. ஒரு பழைய ஸ்பீக்கர் சட்டகத்தில் வேறு காயிலும் (ஒயர்ச் சுருள்) கோனும் ஒட்டி, பெயர்பெற்ற லேபிளை மேலே போட்டிருக்கிறார். 8 ஓமுக்கான ஆம்பில் 16 ஓம் மாட்டியதால் பவர் இறங்கியது. அவர் காட்டிய வித்தை அவ்வளவுதான். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கும் வால்வுக்கும் அது வீண் சுமை. கேட்டதற்கு, "மீட்டர் தப்பாகக் காட்டும்" என்றார். பழையதைக் கேட்டேன், "அது போய்விட்டது" என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

ஆம்பைக் கொடுக்குமுன் ஸ்பீக்கரின் பின்பக்கத்தையும் அதிலுள்ள எண்களையும் போட்டோ எடுத்துவிடுங்கள். பழையது திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். புதியதை மாட்டுமுன் அவர் எதிரிலேயே ஓம் பாருங்கள், சென்சிட்டிவிட்டி எத்தனை என்று கேளுங்கள். முழித்தால் ஆம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஸ்பீக்கர் கழற்றிய வால்வ் ஆம்பை மட்டும் ஆன் செய்யவே கூடாது.

நிஜமாகவே சத்தம் குறைய வேண்டுமென்றால் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அட்டெனுவேட்டர் (ஸ்பீக்கருக்குப் போகும் பவரைக் குறைக்கும் கருவி) போடலாம். எமினன்ஸ் மேவரிக், ரெய்ன்மேக்கர் ஸ்பீக்கர்களில் காந்தத்தின் பின்னால் ஒரு குமிழ் உண்டு, திருப்பினால் 9 டெசிபல் வரை குறையும்.

என் பழைய ஸ்பீக்கர் 12 இன்ச், 8 ஓம். காந்த மூடியில் வெள்ளைப் பெயின்டில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். எங்காவது விற்பனைக்கு வந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.