மடக்குக் கத்தி: தட்டையா, குழிவா, புடைப்பா?

மடக்குக் கத்தி வாங்க வருகிறவர் முதலில் எஃகு என்ன வகை என்று கேட்பார். அடுத்து பூட்டு எப்படி என்பார். அலகின் பக்கங்களை எப்படிச் சரித்து இழைத்திருக்கிறார்கள், அதாவது கிரைண்ட் என்ன என்று கேட்பவரை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் கத்தி கிழங்கில் இறங்குமா, பாதியில் நிற்குமா என்பதை எஃகின் பெயரைவிட அதுதான் தீர்மானிக்கிறது.

இதை எனக்குப் புரியவைத்தவர் அம்மா. அவர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஒவ்வொரு வெட்டிலும் பட்டையை ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான் சீவ வேண்டும். கத்தி ஆழமாகப் போனால் மரத்தில் காயம், பிறகு வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். மாலையானால் லயத்து வாசலில் தீட்டுக்கல்லோடு உட்கார்ந்துவிடுவார். நுனி பளபளவென்று இருந்தாலும் சில நாள் கத்தி பட்டையில் வழுக்கும். அப்போது, "வாய் தடிச்சுப் போச்சு" என்பார். கூர் இருக்கிறது, ஆனால் கூருக்குப் பின்னால் இரும்பு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். கிரைண்டைப் பற்றிய பேச்சு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும் என்று நினைக்கிறேன்.

சரி, கணக்காகவே பார்ப்போம். முதுகு 3 மில்லிமீட்டர் தடிமன், அலகின் உயரம் 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகிலிருந்து வாய்வரை ஒரே சரிவாக இழைத்தால் அது முழுத் தட்டை. இரு பக்கமும் சேர்ந்த கோணம் 7 பாகைக்குப் பக்கத்தில் வரும். சரிவை அலகின் பாதி உயரத்தில் தொடங்கினால் அது பாதித் தட்டை, சேபர் என்று எழுதியிருப்பார்கள். அதே இரும்பு, அதே உயரம், ஆனால் கோணம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தீட்டிய வாயின் கோணம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். வெட்டும் பொருளுக்குள் போகப் போகத்தான் வித்தியாசம் தெரியும்.

அதைக் காட்ட மரவள்ளிக்கிழங்கைவிட நல்ல சாட்சி இல்லை. தோல் உரித்த கிழங்கில் பாதித் தட்டைக் கத்தியை அழுத்தினால், வாய் அடிவரை போவதற்கு முன்பே கிழங்கு 'படக்'கென்று பிளக்கும். அது வெட்டியதாகாது, ஆப்பு வைத்துப் பிளந்ததாகும். துண்டு கோணலாக வரும், சில துண்டு கையைவிட்டுத் துள்ளும். மெல்லிய முழுத் தட்டையில் அந்தச் சத்தமே வராது. சீவல் சீவலாக விழும். மாவுப்பால் அலகோடு ஒட்டிக்கொள்வது ஒன்றுதான் குறை. பச்சை மாங்காயிலும் இதே கதைதான்.

ஸ்பைடர்கோ நிறுவனத்தின் டெலிகா 4 என்ற மடக்குக் கத்தி பாதித் தட்டையிலும் வந்திருக்கிறது, முழுத் தட்டையிலும் வந்திருக்கிறது. பிடி, பூட்டு, அளவு எல்லாம் ஒன்று, பக்கச் சரிவு மட்டும் வேறு. இரண்டையும் அடுத்தடுத்து ஒரே கிழங்கில் வைத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். பாதித் தட்டைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. அலகு பக்கவாட்டில் முறுக்குத் தாங்கும், முனைக்குப் பின்னால் சதை இருக்கும். கத்தியால் நெம்புகிற பழக்கம் உள்ளவருக்கு அது பொருந்தும். ஆனால் நெம்புவதற்குத் திருப்புளி இருக்கிறது, செம்பனைக் குலைக்கு உளியும் அரிவாளும் இருக்கின்றன, புதருக்குப் பாராங் என்ற வெட்டுக்கத்தி இருக்கிறது. இத்தனையும் கைக்கெட்டும் ஊரில் சட்டைப்பைக் கத்தி எதற்குத் தடித்திருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கறுப்புப் பூச்சும் அகலமான முதுகுமாகக் கிடக்கிற கத்திகள் பெரும்பாலும் இந்த ரகம். அப்படி ஒன்றை நானும் வாங்கினேன். உரச் சாக்கின் தையல் நூலை அறுக்கவே இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது.

குழிவு வேறு கதை. வட்டச் சாணையின் வளைவு அப்படியே அலகின் பக்கத்தில் பதிந்து உட்குழிந்திருக்கும். சாணை சிறியதானால் குழி ஆழம். முடிதிருத்தகத்தில் இருந்த பழைய சவரக்கத்தியை நினைத்துப் பாருங்கள், அதுதான் இதன் உச்சம். மடக்குக் கத்திகளில் 1964 முதல் வருகிற பக் 110 இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. மீன் வயிற்றைக் கீற, கோழித் தோலை எடுக்க, அட்டைப் பெட்டியின் டேப்பைக் கிழிக்க, அதாவது ஆழம் போகாத எந்த வெட்டுக்கும் குழிவைத் தட்டையால் மிஞ்ச முடியாது. இன்னொரு நன்மையும் உண்டு. தீட்டித் தீட்டி வாய் மேலேறினாலும் குழி இருக்கும்வரை இரும்பு மெல்லியதாகவே இருக்கும், அதனால் பல வருடம் வாய் தடிக்காது. குழி முடிந்து மேல் தோள் வந்துவிட்டால் மட்டும் சட்டென்று தடித்துவிடும்.

ஆனால் கிழங்கில் அந்தத் தோளே எதிரி. முதல் ஒரு சென்டிமீட்டர் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும், அப்புறம் தோள் இடித்து நிற்கும். கெட்டியான பொருளில் ஆபத்தும் உண்டு. என்னிடமிருந்த ஒரு குழிவுக் கத்தியால் காய்ந்த மூங்கில் கணுவைச் சீவப் போனேன், கணுவிலேயே வாய் இரண்டு இடத்தில் பல் விட்டது. தப்பு கத்தியுடையது இல்லை. மீனுக்கு வைத்திருந்ததை மூங்கிலுக்குக் கொண்டுபோனது என் தப்பு.

மூங்கிலுக்கும் மரத்துக்கும் புடைப்பு. பக்கங்கள் நேராகவும் இல்லாமல் குழியாகவும் இல்லாமல், அரிசி மணியின் விலாபோல லேசாக வெளியே வளைந்து வாயில் முடியும். பிரான்ஸின் சவோய் பகுதியில் 1890-இல் தொடங்கிய ஒபினெல் கத்திகளின் அலகு இந்தச் சாயல்தான். 8.5 சென்டிமீட்டர் அலகுள்ள எண் 8-ஐ எடுத்தால், புடைப்பு என்று சொல்லவே தோன்றாத அளவுக்கு மெல்லியது. கிழங்கிலும் அழகாக இறங்குகிறது, வளைந்த பக்கம் துண்டை விலக்கிவிடுவதால் ஒட்டுவதும் குறைவு. கம்பைச் சீவும்போது வாய்க்குப் பின்னால் தாங்க இரும்பு இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வெட்டு இதுதான், ஒளிக்க ஒன்றுமில்லை. கார்பன் அலகை மட்டும் மாங்காய் நறுக்கியதும் துடைத்துவிட வேண்டும், புளிப்பில் உடனே கறுக்கும். நம் ஊர் மழைக்காலத்தில் மரப்பிடி ஊதி, மடிப்பு இறுகவும் செய்யும்.

புடைப்பைத் தீட்டுவதுதான் பலரைப் பயமுறுத்துகிறது. தட்டைக் கல்லில் தேய்த்தால் வளைவு போய்விடும். பழைய ரப்பர் செருப்பின் அடித்துண்டில் 1000 எண் நீர்த்தாளை, அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை ஒட்டி, வாயை முன்னே தள்ளாமல் முதுகுப் பக்கமாக இழுத்தால் போதும். மெத்தென்ற அடி வளைவுக்கு இடம் கொடுக்கும். குழிவுக்கும் தட்டைக்கும் இந்தத் தொந்தரவு இல்லை. கல்லில் பக்கத்துக்கு 20 பாகை பிடித்தால் சரி.

ஒருபக்கச் சரிவு, அதாவது தச்சர் உளிபோல ஒரு பக்கம் மட்டும் இழைத்தது, மடக்குக் கத்தியிலும் வருகிறது. தீட்டுவது சுலபம், மரத்தை ஒட்டிச் செதுக்கவும் நல்லது. மாங்காயை நேராக வெட்ட முடியாது, கத்தி ஒரு பக்கமாக ஓடும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கடையில் நிற்கும்போது கிரைண்டைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன இரும்பு அளவுகோல் போதும். வாய்க்குக் குறுக்காக அலகின் பக்கத்தில் அதன் விளிம்பை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவில் ஒளிக்கீற்று தெரிந்தால் குழிவு. அளவுகோல் முன்னும் பின்னும் ஆடினால் புடைப்பு. ஒட்டி உட்கார்ந்தால் தட்டை. அப்புறம் வாய்க்குச் சற்று மேலே அலகை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். அங்கே தடிப்பாகப் பட்டால் எஃகு எந்த நாட்டுடையதாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

வேலைக்கு என்றால் மட்டும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சட்டபூர்வமான காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது மலேசியாவின் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

போன மாதம் அக்கா மகன் தனக்கு ஒரு கத்தி பார்த்துத் தரச் சொன்னான். "மாமா, குழிவுதானே ரொம்ப ஷார்ப்பு?" என்றான். அவன் மளிகைக் கடையில் பெட்டி பிரிக்கிறவனாக இருந்தால் ஆமாம் என்றிருப்பேன். அவன் நாற்றுப் பண்ணையில் நிற்கிறவன். பிளாஸ்டிக் கயிறும் மூங்கில் குச்சியும் பத்து மணிக்கு ஒரு மாங்காயும் அவன் கத்திக்கு வேலை. தீட்டுவதும் தொந்தரவில்லாமல் இருக்கட்டும் என்று மெல்லிய முதுகுள்ள ஒரு முழுத் தட்டையை எடுத்துக் கொடுத்தேன், அம்மாவின் தீட்டுக்கல்லையும் சேர்த்து.