கப்பல் ஏறாமல் கடலாய்வு: ஆறு ஆண்டு வகுப்பறை அனுபவம்

கடலியல் பாடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நாற்பது பேர் உள்ள வகுப்பை ஆய்வுக்கப்பலில் ஏற்ற முடியாது. கப்பலின் ஒருநாள் செலவும் காத்திருப்பவர்களின் வரிசையும் அதற்கு இடம் தராது. அதனால் ஆறு ஆண்டுகளாக மூன்றாம் ஆண்டு மாணவர்களை வகுப்பறையிலேயே கற்பனைப் பயணம் அனுப்பி வருகிறேன். ஐந்து பேர் ஒரு குழு, பத்து நாள் கப்பல் நேரம், ஒரு ஆய்வுக் கேள்வி. அவ்வளவுதான் கொடுப்பேன்.

முதல் ஆண்டு ஆயத்தமாகக் கிடைத்த ஒரு மென்பொருளை வைத்து ஓட்டினோம், பெயர் வேண்டாம். வரைபடத்தில் ஒரு புள்ளியைத் தொட்டால் வெப்பநிலையும் உப்பும் வரைகோடாக வந்து நிற்கும். பார்க்க அழகுதான். மாணவர்கள் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, "அடுத்து என்ன சார்?" என்றார்கள். எங்கு வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் அளக்கலாம் என்றால் யார் யோசிப்பார்கள்?

இரண்டாம் ஆண்டு மென்பொருளை விட்டுவிட்டு, ஒரு விரிதாளையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டேன். ஆழ்கடலில் ஒரு ஸ்டேஷனுக்கு, அதாவது கப்பலை நிறுத்தி அளக்கும் ஓர் இடத்துக்கு, எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அவர்களே கணக்குப் போட வேண்டும். உப்பு, வெப்பநிலை, ஆழம் அளக்கும் சிடிடி கருவியை வின்ச் (கம்பியைச் சுற்றி இறக்கும் பொறி) நிமிடத்துக்கு 60 மீட்டர் வேகத்தில் இறக்குகிறது. 4000 மீட்டர் இறங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதோடு இறங்கும் தண்ணீர்க் குப்பிகளை மேலே வரும் வழியில், ஒவ்வோர் ஆழத்திலும் நிறுத்தித்தான் மூடுவார்கள். எல்லாம் சேர்த்தால் மூன்று மணி நேரம். அடுத்த ஸ்டேஷன் 30 கடல்மைல் தள்ளி இருந்தால், 10 நாட் (மணிக்கு 10 கடல்மைல்) வேகத்தில் இன்னும் மூன்று மணி. ஆக, ஒரு நாளைக்கு நான்கு ஸ்டேஷன்தான். போக இரண்டு நாள், வர இரண்டு நாள் கழித்தால் மிச்சம் ஆறு நாளில் 24. முதலில் அறுபது புள்ளி போட்டு வந்த குழு இந்த இடத்தில் வாயடைத்துப் போகும். அப்புறம் நான் வானிலைச் சீட்டை எடுப்பேன்: இரண்டு நாள் புயல். 24 என்பது 16 ஆகும்.

அதற்குப் பிறகு நடக்கும் வாக்குவாதம்தான் என் பாடம். எதை விடுவது, ஏன் விடுவது என்று ஒவ்வொரு புள்ளிக்கும் சண்டை. முணுமுணுப்பவர்களிடம் சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக்கப்பலின் கதையைச் சொல்வேன். 1872 முதல் 1876 வரை சணல் கயிற்றில் கருவிகளை இறக்கி, மூன்றரை ஆண்டில் சுமார் 360 ஸ்டேஷன் எடுத்தார்கள். சராசரியாகப் பார்த்தால் மூன்றரை நாளுக்கு ஒன்று.

தரவுகள் எல்லாம் நிஜமானவை, இலவசமாகக் கிடைப்பவை. மேல் 2000 மீட்டருக்கு, தானே மூழ்கி எழுந்து அளக்கும் ஆர்கோ மிதவைகள். அதற்குக் கீழே 1990களில் உலகக் கடல் சுழற்சியை ஆராய்ந்த வோஸ் (WOCE) திட்டக் கப்பல் அளவீடுகள். வரைவதற்கு ஓஷன் டேட்டா வியூ என்ற மென்பொருள். அதைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் பிடிக்கும், சலிப்பான வாரம். வேறு குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த பயணம் ஸ்பெயினுக்குத் தென்மேற்கே, காடிஸ் வளைகுடாவுக்குப் போவது. அங்கே மேலிருந்து இறங்கும்போது உப்பு முதலில் குறைகிறது. 500, 600 மீட்டரைத் தாண்டியதும் திரும்ப ஏறி, 1000 மீட்டருக்கும் கீழே ஓர் உச்சத்தைத் தொடுகிறது. ஒரு குழு இதைக் கருவிக் கோளாறு என்று முடிவு செய்து அந்தப் பகுதியையே வெட்டி எறிந்துவிட்டது! ஜிப்ரால்டர் வழியாக வெளியேறும் மத்தியதரைக் கடலின் உப்பு நீரை அவர்கள் குப்பையில் போட்டிருந்தார்கள். பக்கத்துக் குழுவும் அதே உச்சத்தைப் பார்த்தது, ஆனால் சந்தேகப்பட்டு இன்னொரு ஸ்டேஷன் போட்டது. அங்கும் அது இருந்தது. இவ்வளவு உப்பான நீர் ஏன் அடிவரை போகவில்லை என்று அவர்களே கேட்டார்கள். சரிவில் இறங்கும்போது அட்லாண்டிக் நீரோடு கலந்து நீர்த்துப்போய், தன் அடர்த்திக்கு ஒத்த ஆழத்தில் பரவிவிடுகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு வகுப்பு ஆனது. நான் சொல்லியிருந்தால் இரண்டு நிமிடம்.

அந்த வெட்டி எறிந்த குழுவால்தான், மூன்றாம் ஆண்டிலிருந்து வேண்டுமென்றே தரவைக் கொஞ்சம் கெடுத்துக் கொடுக்கிறேன். 3000 மீட்டரில் மூட வேண்டிய குப்பி 800 மீட்டரில் மூடிக்கொண்டது போல ஓர் எண், நாள் போகப்போக மெல்ல விலகும் உப்பு உணரி. குப்பி நீரின் உப்பையும் உணரியின் அளவையும் ஒப்பிட்டால்தான் பிடிபடும். எது கோளாறு, எது கடல் என்று பிரித்தறிய வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு தடவை அளவு மீறிக் கெடுத்துவிட்டேன். அந்த ஆண்டு யாரும் எந்த எண்ணையும் நம்பவில்லை, பயணம் பாழ்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் தலைமை விஞ்ஞானி ஆகிவிடுவார், ஒருவர் காணாமல் போய்விடுவார். பயணத்தின் பாதியில் பொறுப்புகளை மாற்றிவிட்டதில் இது ஓரளவு சரியானது. எட்டுக் குழுவின் திட்டங்களைத் திருத்துவது வழக்கமான தேர்வுத்தாள் திருத்துவதைவிட இரண்டு மடங்கு வேலை. கைவேலையும் வராது: குப்பி மேலே வந்ததும் காற்றுப் படுமுன் ஆக்சிஜனுக்கான நீரை முதலில் எடுக்க வேண்டும் என்று எழுதிக் காட்டலாம், ஆடும் தளத்தில் நின்று எடுப்பது வேறு.

பழைய மாணவி ஒருத்தி நிஜக் கப்பலில் போய்வந்து பேசினாள். "வின்ச் கணக்கெல்லாம் அப்படியே சரி சார். ஆனா ராத்திரி மூணு மணிக்கு வர்ற ஸ்டேஷனுக்கு யார் எழுந்திரிக்கிறதுன்னு நீங்க சொல்லவே இல்லையே?"

இந்த ஆண்டுத் திட்டப் படிவத்தில் பணிமுறை அட்டவணை என்று ஒரு பக்கம் சேர்த்திருக்கிறேன். நள்ளிரவு 12 முதல் 4 வரையிலான கட்டம் இதுவரை எந்தக் குழுவிலும் நிரம்பவில்லை.