கித்தான் ஒட்டிய கேடயத்துக்கு எந்த பெயிண்ட்?

நார்வேயில் 1880-ல் தோண்டியெடுத்த கோக்ஸ்டாட் என்ற வைக்கிங் (பழைய ஸ்காண்டிநேவியக் கடலோடிகள்) கப்பலில் பக்கத்துக்கு 32 வீதம் 64 கேடயங்கள் இருந்தன. ஒன்று மஞ்சள், அடுத்தது கறுப்பு என்று மாறி மாறி வரும். வைக்கிங் சண்டையை நடித்துக் காட்டும் ஐரோப்பியக் குழுக்களில் பலருக்கு இன்றும் அந்த ஜோடிதான் பிடித்தம். நிறத்தில் பெரிய குழப்பம் இல்லை. அதை எதில் குழைத்துப் பூசுவது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

இங்கே பேசுவது பிளைவுட் அல்லது பைன் பலகை மேல் லினன் கித்தானைப் பசை போட்டு ஒட்டிய வட்டக் கேடயம். அது மழையில் நனையும், புல்லில் கிடக்கும், மழுங்கிய இரும்பு வாளால் அடி வாங்கும்.

மரபை விடாதவர்களின் தேர்வு ஆளிவிதை எண்ணெய். மஞ்சள் காவியையோ கரித்தூளையோ அதில் அரைத்துப் பூசினால் வரும் ஆழமான நிறம் வேறு எதிலும் வராது. மழைக்கும் அசையாது. ஆனால் இது தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அதனால் ஒரு கோட்டுக்கே நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். குளிர் ஈரக் காலத்தில் தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டே இருக்கும். இன்னொரு சிக்கல், எண்ணெய் நேராக நூலில் இறங்கினால் கித்தான் நாளடைவில் நொறுங்கிப்போகும். முதலில் நீர்த்த பசை ஒரு கோட் கொடுத்து நூலை அடைத்தாக வேண்டும். பழைய முறைப்படி, விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் வஜ்ஜிரப் பசை பூசலாம்; ஆனால் விளிம்பில் கித்தான் பிய்ந்து தண்ணீர் உள்ளே போனால் அதுவே இளகிவிடும். மரவேலைக்கான வெள்ளைப் பசையில் தண்ணீர் தாங்கும் வகை எனக்குத் திருப்தி.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

பால் பெயிண்ட் என்றால் கொழுப்பில்லாத தயிர்க்கட்டியைச் சுண்ணாம்போடு குழைத்தது. மங்கலான, பூச்சே தெரியாத அழகு. புகைப்படத்தில் மற்ற வகைகளைத் தோற்கடிக்கும். கலந்த அன்றே பூசித் தீர்க்க வேண்டும், மறுநாள் நாற்றம் தாங்காது. காய்ந்தபின் கெட்டி, ஆனால் வளையாது. அடி விழுந்த இடத்தில் செதில் செதிலாக உதிரும். சுவரில் மாட்ட சரி.

எனாமலைச் சிலர் மலிவு என்று எடுக்கிறார்கள். புதிதாய் பெயிண்ட் அடித்த இரும்பு கேட் மாதிரி பளபளக்கும், நாளானால் வெடிக்கும். விடுங்கள்.

அக்ரிலிக்கைப் பத்தாம் நூற்றாண்டு வைக்கிங் பூச்சு என்று யாரும் நம்பப்போவதில்லை. ஆனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சண்டை என்றால் அதன் அருமை தெரியும். சனிக்கிழமை மாலை கேடயத்தைப் பாருங்கள்: மஞ்சள் மேல் சாம்பல் நிற இரும்புக் கீறல்கள், மேல் விளிம்பில் நூல் பிரிந்த வெட்டுகள். பிரிந்த நூலைப் பசை வைத்து அழுத்தி, மேலே ஒரு தொடு தொட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். எண்ணெயில் இது நடக்காது. கித்தானோடு சேர்ந்து வளையும் என்பதால் விரிசலும் குறைவு. ஓவியர் ட்யூப் தேவையில்லை. வெளிச்சுவருக்கான பளபளப்பில்லாத (மேட்) அக்ரிலிக் எமல்ஷனே போதும். கெட்டியாக ஒரே கோட் போடாமல், மெலிதாக மூன்று போட்டால் நெசவு வெளியே தெரியும், தூரத்தில் எண்ணெய்ப் பூச்சு என்றே தோன்றும்.

அடி வாங்கும் கேடயத்துக்கு என் ஓட்டு எமல்ஷனுக்குத்தான். காட்சிக்கு வைக்க ஒன்று செய்தால் எண்ணெய். இரண்டையும் கலந்து செய்ய ஆசை என்றால் வரிசை முக்கியம்: அக்ரிலிக் மேல் எண்ணெய் நிற்கும், எண்ணெய் மேல் அக்ரிலிக் உரிந்து வரும்.

எதைப் பூசினாலும் பின்புறத்தை வெறுமனே விடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் மெல்லிய பலகை குழிந்துவிடும். கித்தான் ஒட்டும் நாளிலேயே பின்பக்கத்தையும் ஈரத்துணியால் துடைத்து, தட்டையான பாரம் ஏற்றிக் காயவிடுங்கள்.